ஆயுத பூஜைக்குத் தேய்த்த கற்கள்

“பள்ளிப்பட்டுல கடல் எங்கமா கீது? கடல் மீனப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?”

நான் நம் கடல்மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, மீன் தொட்டிக்கு உப்பு வாங்க வந்திருந்த ஒரு வாடிக்கையாளர், என் ஊர் பள்ளிப்பட்டு என்று தெரிந்ததும் கேட்டது இது. முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. அதுவரை நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, கல்லூரிச் சுற்றுலாவில். அப்போதும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும் தூரத்தில்தான் நின்றேன்.

என்னிடம் இருந்ததெல்லாம் விலங்கியல் பட்டம். நைனாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய், பரீட்சை எழுதி, பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கம் எதற்கு? பட்டத்துக்கு முன்னால் ஆடுகளும் இருந்தன. பள்ளி இல்லாத நாளெல்லாம் ஆடு மேய்த்தவள் நான். மேயும் பிராணியின் வயிறு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது கடல் மீனுக்கு உதவும் என்று அன்று எனக்கும் தோன்றவில்லை.

நீங்கள் இப்போதுதான் நம் கடையில் சேர்ந்திருக்கிறீர்கள். நான் கிளம்புகிறேன். போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. உப்பு கலப்பது, தண்ணீரைச் சோதிப்பது, மோட்டாரைக் கழுவுவது எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். செய்யச் செய்ய வந்துவிடும். ஒரு வீட்டில் எல்லோரும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்பதுதான் லேசில் வராது. அதனால் தாமோதரன் அண்ணன் வீட்டு மேஸ்திரியைப் பற்றி எழுதுகிறேன்.

மேஸ்திரி என்பது ஒரு மீன்.

தாமோதரன் அண்ணன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி லேத் பட்டறை வைத்திருக்கிறார். கீழே பட்டறை, மேலே வீடு. வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளக் கடல்நீர்த் தொட்டி. அதன் இரும்பு ஸ்டாண்டை அவரே வெல்டிங் செய்தார். அதன்மேல் தொட்டி என்ன, லாரியையே நிறுத்தலாம். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நிற்கிறவர்களுக்குச் சத்தமில்லாமல் நகரும் ஒன்றைப் பார்க்கப் பிடித்துப்போகிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் பட்டறை ஆட்கள் மேலே வந்து தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணனின் மனைவி கோமளா அக்கா, “உங்களுக்கெல்லாம் டிக்கெட்டு போடணும்டா” என்று திட்டிக்கொண்டே மோர் கொடுப்பார்.

அவர்கள் பார்க்க வந்தது பவுடர் ப்ளூ டேங் என்ற மீனை. வெளிர்நீல உடம்பு, கறுத்த முகம், வெள்ளைத் தொண்டை, முதுகில் மஞ்சள் துடுப்பு. வாலடியில் இரண்டு பக்கமும் மடக்குக் கத்தி மாதிரி ஒரு முள். விளக்கு எரிந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கல்லாகப் போய்க் கொத்தும், நகரும், திரும்பி வந்து விட்டுப்போன இடத்தைக் கொத்தும். ஓய்வே கிடையாது. வேறு மீன் ஏதாவது சும்மா நின்றால் அருகில் போய் விரட்டிவிட்டு வரும்.

“சைட்டுல மேஸ்திரி சுத்தற மாதிரியே சுத்துது பாரு” என்றார் லோகு அண்ணன். அவர் பட்டறையின் மூத்த டர்னர். பெயர் ஒட்டிக்கொண்டது.

டேங் மேய்கிற மீன். கல்லில் முளைக்கும் பாசிதான் அதற்குச் சோறு. வேளைக்கு ஒரு பிடி போட்டால் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் ரகம் இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் பல டேங் மீன்கள் அதற்குப் பழகிவிடும். மேஸ்திரி பழகவில்லை. தாளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். அதனால் முன்கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, கற்களையும் பின்கண்ணாடியையும் நான் பச்சையாகவே விட்டிருந்தேன். அது அழுக்கு இல்லை, சாப்பாடு என்று அண்ணனுக்கும் அக்காவுக்கும் தெரியும்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். லேத்திலிருந்து ஸ்பேனர் வரை துடைத்து, கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்தால்தான் பட்டறைக்கு மரியாதை. வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், தராசுக்குக் கூடப் பொட்டு. மேலே இருக்கும் மீன் தொட்டியில் மோட்டார் ஓடுகிறது, ஃபில்டர் ஓடுகிறது. அதுவும் மெஷின்தானே? அதை மட்டும் எப்படி அழுக்காக விடுவது? அண்ணன் கீழே பூஜை வேலையில் இருக்க, கோமளா அக்கா பூஜைச் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில், லோகு அண்ணன் ஆட்களோடு மேலே ஏறினார். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளையாகும் வரை தேய்த்தார்கள். பின்கண்ணாடியை வழித்தார்கள். ஸ்டாண்டின் காலில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் பொட்டும் வைத்துவிட்டார்கள்.

அக்கா திரும்பி வந்தபோது கூடமே ஜொலித்ததாம். மனசுக்குள் திக்கென்றது என்றார் பிறகு. “ஆனா அவுங்க மூஞ்சியப் பாத்தா எப்படிடீ சொல்றது? சாமிக்குச் செஞ்ச மாதிரி செஞ்சுட்டு நிக்கறானுங்க. பாசி தானே, வந்துடும்னு உட்டுட்டேன்.”

வரவில்லை. முளைக்கிற வேகத்தைவிடப் பசித்த வாயின் வேகம் அதிகம். பூஜை முடிந்து வாழைக்கன்று காய்ந்து சருகான பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

“சுகுணா, மேஸ்திரி ரவுண்டு போவல. மூலைலயே நின்னுக்கினு கீது. ஒடனே வாயேன்.”

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறையில் லேத் ஓடவில்லை. ஆட்கள் எல்லோரும் மேலே கூடத்தில் நின்றிருந்தார்கள். தொட்டி கல்யாண வீட்டுப் பித்தளை அண்டா மாதிரி பளபளத்தது. அதன் மூலையில், நிறம் வெளிறி, மேஸ்திரி ஒரே இடத்தில் நின்றிருந்தது.

முதலாளிக்குப் போன் செய்தேன். “ஒயிட் ஸ்பாட் நோயா இருக்கும். காப்பர் மருந்து ஊத்து” என்றார். “கஸ்டமர் முன்னாடி சும்மா நிக்காத.” தாமோதரன் அண்ணன், “புடிச்சு பக்கெட்ல போட்டு உங்க கடைக்கே எடுத்துக்கினு போயிடலாமா?” என்றார். பட்டறை ஆள் ஒருவர் போனில் ஏதோ வீடியோவைக் காட்டி, “பூண்டு சாறு உட்டா எழுந்துக்குமாம் மேடம்” என்றார்.

இந்த இடத்தில்தான் நம் கை பரபரக்கும். எதையாவது ஊற்றினால், எதையாவது பிடித்தால், வேலை தெரிந்தவள் என்று நினைப்பார்கள். தயவுசெய்து அப்போது உட்கார்ந்துவிடுங்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். மீனின் உயரத்துக்கு என் கண்ணை இறக்கினேன்.

உடம்பில் வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. செவுள் சீராக அசைந்தது. கண் தெளிவாக இருந்தது. மீன் மெதுவாகத் திரும்பியபோதுதான் வயிற்றைப் பார்த்தேன். பக்கத் துடுப்புக்குப் பின்னால் உள்ளே வாங்கியிருந்தது. சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும் ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் குழி விழுந்திருந்தால் அது அன்று மேயவில்லை என்று அர்த்தம். அதே குழியை நான் கண்ணாடிக்குள் பார்த்தேன்.

பசி என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் தோன்றினால் மட்டும் போதாது. தேய்க்கும்போது சோப்பு ஆயிலோ டீசலோ பட்டிருந்தால் கதையே வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது.

“தொட்டிய எப்படிக் கழுவினீங்க?” என்றேன். லோகு அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். காலையிலிருந்து அவர் நாஷ்டாகூடத் தொடவில்லை என்று அக்கா என் காதில் சொன்னார்.

“கேக்கறாங்க இல்ல, சொல்லேன் லோகு” என்றார் தாமோதரன் அண்ணன்.

“நான் தான் தங்கச்சி தேச்சேன்” என்றார் லோகு அண்ணன். “இவங்க மேல தப்பு இல்ல. நான் சொல்லித்தான் செஞ்சானுங்க. சாவடிச்சிட்டேனா?”

“யாருன்னு நான் கேக்கவே இல்லண்ணா. எப்படின்னுதான் கேக்கறேன். இந்தச் சொம்ப கல்லுன்னு வெச்சுக்கோங்க. அன்னிக்கு செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டுங்க.”

அவர் சொம்பை வாங்கினார். தொட்டித் தண்ணீரைக் குழாய் வைத்துப் பக்கெட்டில் இறக்குவது போல் கையால் காட்டினார். சொம்பை அதில் முக்கி, தேங்காய் நாரால் ஒரே பக்கமாகத் தேய்த்தார். “கொழா தண்ணி படல. சோப்பு படல. நீ ஃபில்டர் கழுவும்போது எப்படி செய்வியோ அப்படியே தான். மோரு குடிச்சுக்கினு பாத்துக்கினே தானே இருப்பேன்? கையில கிரீஸ் இருக்குமேன்னு மொதல்ல கடல மாவு போட்டுக் கழுவினேன்.”

“அதான் என் பஜ்ஜி மாவு காணமா?” என்றார் கோமளா அக்கா.

யாரோ சிரித்துவிட்டார்கள். லோகு அண்ணனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவர் செய்ததில் ஒரு குறையும் கிடையாது. நம் கடையில் யாரும் அதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. மெஷின் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும்; அது அவர் தொழிலின் ஒழுக்கம். அந்த ஒழுக்கம்தான் மேஸ்திரியின் சோற்றைத் துடைத்துவிட்டது. நீங்களும் ஒரு வீட்டில் இப்படி நிற்கும்போது, யார் செய்தது என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒருவர் தலைகுனிவார். நமக்கு வேண்டிய விவரமும் அவரோடு சேர்ந்து குனிந்துவிடும்.

முதலாளிக்கு மறுபடி போன் செய்தேன். “மருந்து வேண்டாம் சார். பட்டினி கிடக்கற மீனுக்கு காப்பர் போட்டா இருக்கற கொஞ்சநஞ்ச பசியும் போயிடும்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லிடுங்க.”

“சரி, பாத்துக்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

இனி பச்சைக்கு எங்கே போவது? பட்டறைக்குப் பக்கத்துத் தெருவிலேயே நம் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். அவர் தொட்டியில் பாசி தாராளமாக இருந்தது. ஆனால் புதிதாக வாங்கிவிட்ட மீன்களும் இருந்தன. மீன் இருக்கும் தொட்டியிலிருந்து கல்லை எடுத்தால் மீனின் நோயும் கூடவே வரும். நன்றாக இருக்கிற மீன் அதைத் தாங்கலாம். மேஸ்திரி தாங்காது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதை எடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் பொன்னேரி பாயம்மா நினைவுக்கு வந்தார்.

ஜமீலா பாயம்மா குடும்பம் பழவேற்காட்டிலிருந்து வந்து பொன்னேரியில் கருவாட்டு வியாபாரம் செய்கிறது. அவர் மகன் துபாய் போவதற்கு முன் வைத்த கடல்நீர்த் தொட்டி அந்த வீட்டில் இருக்கிறது. மீன்களை எல்லாம் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாயம்மா மட்டும் விளக்கையும் மோட்டாரையும் நிறுத்தவில்லை. ‘அவன் போன்ல பேசும்போது பின்னாடி தண்ணி ஓடணும்மா’ என்பார். மீன் இல்லாத தொட்டி, நாள் முழுக்க விளக்கு. பாசி பச்சைக் கம்பளி மாதிரி மண்டிக் கிடந்ததை, உப்பு கொடுக்கப் போனபோது வாசலிலிருந்தே பார்த்திருக்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு நம் ஆட்களை உள்ளேயே விடமாட்டார். அவ்வளவு நாள் மீனே இல்லாத தொட்டியில் மீனின் நோய் பிழைத்திருக்காது. எனக்கு வேண்டியது அதுதான்.

போன் போட்டேன். “பாயம்மா, சுகுணா பேசறேன். உங்க ஊட்டு தொட்டியப் பாக்க வரேன்.”

“வாம்மா, வாம்மா. ஒரு அரை மணி கழிச்சு வா, என்னா?”

நான் உடனே கிளம்பினேன். லாரிகள் நெடுஞ்சாலையை அடைத்து நின்றதால் ரயிலே சரி என்று ஸ்டேஷனுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் பொறி தட்டியது. எதற்கு அரை மணி? மறுபடி போன் போட்டேன். எடுத்தார். பின்னால் கண்ணாடியை வழிக்கும் சத்தம் கேட்டது.

“பாயம்மா! இன்னா செய்றீங்க?”

“நீ வரியேன்னு கொஞ்சம் சுத்தம் பண்றேன்மா. ஊடு கெடக்கற லட்சணத்துக்கு நீ பாத்தா இன்னா நெனைப்பே?”

“கைய எடுங்க! அப்படியே வெளிய எடுங்க! எனக்கு அந்த அழுக்குதான் வேணும்.”

மறுமுனையில் சத்தம் நின்றது. “உனக்கு ஒடம்பு நல்லா தானே கீது?” என்றார் பாயம்மா.

நான் போனபோது ஒரு பக்கக் கண்ணாடியில் பாசி போயிருந்தது. கற்கள் தப்பித்திருந்தன. விஷயத்தைச் சொன்னதும், தன் கையாலேயே அடர்ந்த கற்களாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். “ஒரு மீனுக்கு சோறா ஆவுதே, எடுத்துக்கினு போ. என் புள்ளைகிட்ட சொல்லணும், அவன் என்ன இத்தன நாளா கேலி பண்ணிக்கினு இருந்தான்.”

பக்கெட்டில் கற்களைத் தொட்டித் தண்ணீரோடு வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா துணியைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாமா இது, கல்லு?”

“ஆமாம்மா.”

“பாசி புடிச்ச கல்லா? வெலைக்கு வாங்கினியா?”

“சும்மா குடுத்தாங்க. மீனுக்கு.”

“கொழம்புக்கா?” என்றார். பெட்டியே சிரித்தது. இறங்கும்போது பக்கெட்டைத் தூக்க அந்த அம்மாதான் ஒரு கை பிடித்தார்.

கூடத்தில் ஆட்கள் அப்படியே இருந்தார்கள். கற்களைத் தொட்டியில் வைத்தேன். மேஸ்திரி கற்களைக் கண்டு பயந்து இன்னும் உள்ளே ஒதுங்கியது. லோகு அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. “புடிக்கலையா தங்கச்சி?”

“எல்லாரும் கீழ போங்க” என்றேன். “லேத்த ஓட்டுங்க. அது கேட்டுப் பழகின சத்தம் அது. இந்த மாதிரி நிசப்தமா நாம பாத்துக்கினு நின்னா அது எப்படித் திங்கும்?”

அவர்கள் இறங்கிப் போனார்கள். சற்று நேரத்தில் தரையில் லேத்தின் அதிர்வு வந்தது. நானும் சமையலறைக்குப் போய்விட்டேன். அதுதான் எனக்கு அன்று மிகவும் கஷ்டமான வேலை, பார்க்காமல் இருப்பது. அக்கா காபி போட்டார். இருவரும் குடிக்கவில்லை. மாலை வரை எட்டிப் பார்த்தபோதெல்லாம் மூலையில்தான் நின்றது. கல்லைத் தொடவில்லை. வேறு வேலை மிச்சமில்லாததால் வீட்டுக்குக் கிளம்பினேன். லோகு அண்ணன் பட்டறை வாசலில் நின்றிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயமில்லாததைச் சொல்லி ஒருவரைத் தேற்றக் கூடாது.

மறுநாள் காலை நான் திருவள்ளூரில் கடைக்கதவைத் திறக்கும்போது வீடியோ கால் வந்தது. லோகு அண்ணன். போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பச்சைக் கல்லில் கொத்தி, நகர்ந்து, திரும்பி வந்து, விட்ட இடத்தை மறுபடி கொத்திக்கொண்டிருந்தது அந்த மீன்.

“டூட்டிக்கு வந்துட்டாரு” என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “தங்கச்சி, நான் போய் நாஷ்டா துன்னுட்டு வரேன்.”

வயிற்றுக் குழி மேடாக இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. அதுவரை வாரந்தோறும் பொன்னேரியிலிருந்து பச்சைக் கல் போகும்; மேஸ்திரி மொட்டையடித்த கல் திரும்பி வரும். பாயம்மா அதைத் தன் விளக்கின் கீழ் வைத்துப் பச்சையாக்கிக் கொடுப்பார். கொஞ்ச நாளில் திருநின்றவூர் அடுக்குமாடியில் டேங் வைத்திருக்கும் ஒருவர் கேட்டார். பிறகு இன்னொருவர். நம் பக்கத்தில் கடல் மீன் விற்கப் பலர் இருக்கிறோம். மேய்கிற மீனுக்கு மேய்ச்சல் கொடுக்க ஒருவரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனவே நான் எதற்காகக் கிளம்புகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவரைப்பேட்டைக்கு உள்ளே, வெயில் நன்றாக விழும் ஒரு மொட்டை மாடியை வாடகைக்கு எடுத்துவிட்டேன். நைனாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். “பாசிய எதுக்குடி வளக்கணும், அது தானா வருமே” என்றார். அகலமான தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறேன். மீன் ஒன்றுகூட உள்ளே வராது. கல்லும் உப்புத் தண்ணீரும் வெயிலும் மட்டும். முதல் தொட்டியின் கற்கள் இவ்வளவு நாள் வெறும் வெள்ளையாகவே கிடந்தன. நேற்றுக் காலை ஏறிப் பார்த்தபோது ஒன்றின் மேல் மெல்லிய பழுப்புப் படலம் படிந்திருந்தது. விரலால் தொட்டேன், வழுக்கியது. பழுப்பு வந்த இடத்தில் பச்சை வரும். துடைக்காமல் கையை எடுத்துவிட்டு, இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.